தடுப்புக்கு அந்தப் பக்கம் கிடந்த தோல்கள்

அன்று காலை மூங்கில் தடுப்பருகே இருந்தவர்கள் எட்டுப் பேர்: நான், என் மனைவி, என்னிடம் வேலை செய்த அண்ணன் தம்பி இருவர், பிளேக் இன்ஸ்பெக்டர், வாளியும் மட்டையுமாக அவருடைய வெள்ளையடிக்கும் ஆட்கள் மூவர்.

எங்கள் பேட்டையில் பிளேக் வந்து எலிகள் செத்து விழுந்ததும் சர்க்கார் எல்லாரையும் வெளியேற்றி, ஆம்பூருக்கு வெளியே வேர்க்கடலைக் கொல்லையில் கொட்டகை போட்டு வைத்திருந்தது. பேட்டையைச் சுற்றிப் போட்ட தடுப்பைத் தாண்டக் கூடாது. என் தோல் கிடங்கோ உள்ளே. சுண்ணாம்புத் தொட்டியில் ஆட்டுத் தோல்களை ஊறப்போட்டிருந்தேன். முடி கழலும் பதத்தில் எடுக்காவிட்டால் தோலே கூழாகிவிடும். என் கைமுதல் முழுக்க அந்தத் தொட்டிக்குள் கிடந்தது.

தோல் இருக்கிறது என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் கொளுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து ஒதுங்கியே நின்றேன்.

"இங்க நின்னு கையப் பிசைஞ்சா தோலு தானா நடந்து வருமா? போய்க் கேளுங்க" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் வேறு கோபத்தில் இருந்தார். வீடுகளுக்கு அடிக்கச் சுண்ணாம்பு வரவில்லை. ஊருக்குள் வண்டி விடக் கூடாதென்று அவரே போட்ட உத்தரவால், சுண்ணாம்பு வண்டி ரயிலடியிலேயே நின்றுவிட்டது.

"தானே பூட்டிட்டு தானே சாவி தேடுறாரு மொதலாளி" என்று அண்ணன்காரன் என் காதில் சொன்னான்.

நான் முன்னால் போனேன். "ஐயா, சுண்ணாம்பு என் கிடங்குல மூட்டையா இருக்குது. நாங்களே தூக்கியாறோம். ஆனா தொட்டியில தோலு ஊறுது. அத எடுக்கவும் விடணும்."

"சர்க்காருக்கே நிபந்தனையா? பறிமுதல் பண்ணா இன்னா பண்ணுவே?"

மனைவி விடவில்லை. "பண்ணுங்க சாமி. எலி செத்துக் கெடக்கற கிடங்குல மூட்டை தூக்க எவன் வர்றான்னு பாப்போம்."

வெள்ளையடிக்கும் மூவரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களைப் பார்த்தார், பிறகு எங்களை.

"பொழுது சாயறதுக்குள்ள வெளிய வந்துடணும். சுண்ணாம்புக்கு ஆபீஸ்ல பணம் தருவாங்க."

மூட்டைகளை முதலில் கொண்டுவந்து போட்டோம். பிறகு தொட்டிக்கு ஓடினோம். தம்பிக்காரன் ஒரு தோலை இழுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினான். முடி வழித்துக்கொண்டு வந்தது, தோல் தாங்கியது.

"பொழச்சிக்கிச்சு மொதலாளி!"

நான்கு பேரும் முடி வழித்து, அலசி, தோலைப் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறக்கினோம்; அதில் கிடந்தால் கெடாது. அதுவரை தொட்டிப் பக்கமே வராத என் மனைவி முழங்கைவரை சுண்ணாம்போடு நின்றாள். அடியில் கிடந்த சில தோல்கள் விரல் பட்டதும் கிழிந்தன. மற்றதெல்லாம் தப்பியது.

தடுப்பை எடுத்தபின் தோல்களை விற்று, அந்தப் பணத்திலேயே புதுச் சுண்ணாம்பு வாங்கித் தொட்டியை நிரப்பினேன். கொடுத்த சுண்ணாம்புக்கு விலை கேட்டு தாலுகா ஆபீசுக்குப் போனால், "அந்த இன்ஸ்பெக்டர் மாத்தலாகிப் போய்ட்டாருப்பா" என்றார் குமாஸ்தா. அடுத்த முறை, பிளேக் ஆபீசையே எடுத்துவிட்டார்கள் என்றார். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் படியேறினேன்; போவதை மட்டும் நிறுத்தவில்லை. சர்க்கார் எனக்கு இன்னும் தர வேண்டியது பதினோரு ரூபாய் ஆறணா.