அக்கா மறுபடியும் சாப்பிட்ட மூன்று வருடம்

அக்காவுக்கு ஒப்பரேசன் நடந்த அன்று கொழும்பு ஆஸ்பத்திரியில் நின்றவர்கள்: நான், என் மனைவி, அக்காவின் சிநேகிதி மேரி ரீச்சர், எங்களைத் தன் வான் வண்டியில் கொண்டுபோன நிஸார் நானா. நாலு பேரும் பெட்சீற்றின் நாலு மூலையைப் பிடித்திருந்தோம். நடுவில் அக்கா. கை கொடுத்துத் தூக்கினால் எலும்பு முறிந்துவிடும்.

அக்கா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தார். பிறவியிலேயே எலும்புக்குப் பலமில்லை. நடக்கப் பழகும் வயதில் இரண்டு காலும் முறிந்தன. சண்டைக் காலத்தில் புத்தளம் பக்கம் மாம்புரிக்கு வந்து சேர்ந்தோம். இங்கே கதிரையில் இருந்தபடியே கை மெசினில் சட்டை தைத்து எங்களைப் பார்த்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் அக்காதான் வாசிப்பார்; ஒன்றை மட்டும் நான் முதலில் வாசித்தேன்.

சண்டை முடிந்து சில வருடத்தில் அக்காவுக்குச் சோறு இறங்காமல் போனது. தண்ணீரும் திரும்பி வந்தது. சிலாபத்தில் பார்த்த டொக்டர், உணவுக்குழாயின் அடிப்பக்கம் திறக்காமல் இறுகிக் கிடக்கிறது என்றார். வாய்வழியாகக் கமராக் குழாயை விட்டு உள்ளுக்குள்ளேயே அந்த இறுக்கத்தை வெட்டலாம், நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை என்றார். அதற்கு வரச்சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வாயைத் திறக்கும்போது தாடை முறிந்தால்? கழுத்தைத் திருப்பும்போது? நான் கடிதத்தை அலுமாரியில் உடுப்புக்கு அடியில் வைத்துவிட்டேன். எட்டு மாதம் அக்கா கஞ்சித் தண்ணியில் இருந்தார். கடிதம் பிந்தி வந்ததென்று உறவினர்களுக்கு நான் சொன்னது பொய்.

மனைவிதான் அதை எடுத்துக் கொடுத்தாள். அக்கா வாசித்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதுவரைக்கும் எனக்கு எத்தனை முறிஞ்சது?"

"பத்தொன்பது, அக்கா."

"எண்ணி வேற வச்சிருக்கிறாய். அவ்வளவும் ஒட்டினதுதானே. பட்டினியில செத்தால் அதை ஆர் ஒட்டுறது? நிஸார் நானாவைக் கூப்பிடு."

நானா சைக்கிள்காரருக்கும் வழி விட்டுத்தான் ஓட்டினார். வழியில் பாலாவியில் பின்னால் லொறிகள் ஹோர்ன் அடித்தன. "அடிக்கட்டும் தங்கச்சி, எனக்கு இண்டைக்குக் காது கேக்காது" என்று அக்காவுக்குச் சொன்னார்.

தோளைப் பிடிக்க வந்த நர்ஸை அக்கா சிங்களத்தில் நிறுத்தி, எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். டொக்டர் துவாயைச் சுருட்டிக் கழுத்துக்கு அடியில் வைக்கச் சொன்னார். கதவு மூடியது. மூன்று மணித்தியாலம். அக்கா வெளியே வந்தபோது ஒன்றும் முறிந்திருக்கவில்லை.

முதலில் தண்ணி ஆகாரம். பிறகு சொதியில் ஊறின பாண். பிறகு எல்லாம். மூன்று வருடம் அப்படிப் போனது. அதன்பின் ஒடுங்கின நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் அக்கா காலமானார். அன்று காலையும் இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வைத்தியம் செய்தவர்கள், பந்தல் போட்டவர்கள், சமைத்துத் தந்த அயலவர்கள், தூரத்திலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாசலுக்குப் பாணும் பனிஸும் விற்க ஓட்டோ கொண்டுவரும் அண்ணரின் கடன் கொப்பியில், அக்கா வாங்கிச் சாப்பிட்ட மீன் பனிஸ் கணக்கு இன்னும் நிற்கிறது. "அது கிடக்கட்டும்" என்கிறார். கிடக்க விடமாட்டோம். ரூபாய் எண்ணூற்று நாற்பது.