ஞானசுந்தரியின் சாயத்தண்ணி

கோப்பையின் உள்விளிம்பில் ஒதுங்கி நின்ற ஒரு குமிழை ஞானசுந்தரி ஊசி முனையால் தள்ளிக்கொண்டிருக்கிறாள். குமிழ் உடையக் கூடாது. ஆனால் நகர்ந்து, கைப்பிடி பக்கம் இருக்கும் மற்றக் குமிழ்களோடு போய்ச் சேர வேண்டும். ஆறிய புண்ணிலிருந்து தையல் பிரிக்கிறவளைப் போல மூச்சை அடக்கிக் குனிந்திருக்கிறாள். குமிழ் சேர்ந்ததும் ஊசியைத் தூக்குகிறாள்.

"இப்ப எடு டக்ளஸ். யாரும் தும்மிறாதீங்க."

டக்ளஸ் குன்னூர்க்காரர், படம் பிடிப்பவர். அவர் எடுக்கிற அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிக்கத் தோன்றும். குடித்தால் முகம் சுளிப்பார்கள். அதில் இருப்பது கருக்கிய சர்க்கரையும் வெந்நீரும். குமிழுக்காகக் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. உண்மையான தேநீர் ஆறினால் மேலே ஏடு படியும், நிறம் செத்துப்போகும். அதனால் படத்துக்கு அது உதவாது.

கடைகளில் விற்கிற சாமான்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் அவற்றைத் தயார் செய்து வைப்பதுதான் அவள் தொழில். எதன் மேல் எதை வைப்பது, எந்தத் துணியை விரிப்பது, எந்த வெளிச்சத்தில் எது முதலில் என்று திட்டம் போடுவதும் அவளே. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண்கள் என்ன வேலை என்று கேட்டால், "அலங்காரம் பண்ணி விடறனுங்க" என்பாள். "பியூட்டி பார்லருங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க. சொட்டருக்கும் தைலப் பாட்டிலுக்கும்."

மேடைபோலப் போட்ட மேசைக்கு முன்னாலிருந்து பார்த்தால் ஸ்வெட்டர் யாரோ நல்ல உடம்புக்காரர் போட்டிருப்பதுபோல நிமிர்ந்து இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் செய்தித்தாள் அடைப்பும் குண்டூசியும். "முன்னாடி மகாராணி, பின்னாடி முள்ளம்பன்னி" என்று அவளே சொல்லிக்கொள்வாள். தைலப் பாட்டில் மேல் நிற்கும் பனித்துளி கிளிசரின். அடுக்கடுக்காகப் பொரியும் மலைப் பிஸ்கட்டான வர்க்கிக்கு மட்டும் எந்த வேஷமும் கிடையாது. கடைக்காரர் முகம் கோணினாலும், தட்டிலிருந்து உடையாத ஒன்றை அவளே பொறுக்கி எடுப்பாள்.

வானிலைச் செய்தியை அவள் நம்புவதில்லை. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பாள். மேகம் கீழே படுத்திருந்தால் சீக்கிரம் ஏறிவிடும் என்று அர்த்தம். "மிஸ்ட்டு வந்தா கம்பளி, வெயில் அடிச்சா கண்ணாடி" என்பது அவள் கணக்கு. கம்பளிக்கு மங்கல் வெளிச்சம் மெத்தென்று இருக்கும். பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் பளிச்சென்ற காலை வெயில் வேண்டும்.

கணவர் பாலசுப்பிரமணியம் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "ஃபேக்டரிக்குள்ள பயமில்லாம நடக்கறேன். உன் ரூமுக்குள்ள கால் வைக்கத்தான் பயமா இருக்குது" என்று கேலி செய்வார். கோயம்புத்தூர் ஸ்டுடியோ ஒன்றில் பார்த்த வேலையை அவள் விட்டுவிட்டு, மேல் குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் கண்ணாடி அறையை வாடகைக்கு எடுத்தபோது அவர் தடுக்கவில்லை. "வர்ற சீசன் வரைக்கும் பாரு. ஆகலைன்னா காலி பண்ணிட்டுப் பழைய வேலைக்கே போயிரு" என்று மட்டும் சொன்னார். நியாயமான பேச்சுதான். அவளும் சரியென்றாள். சீசன் நெருங்கியபோது கையில் இருந்த பெரிய வேலை ஒன்றே ஒன்று. கோயம்புத்தூரில் பீங்கான் சாமான் கடை வைத்திருக்கும் ஏகநாதன் புதுக் கிளை திறக்கப் போகிறார். முதலில் டீ செட் படம். அது பிடித்தால் கடைச் சாமான் முழுவதையும் மலைக்கு ஏற்றி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பிடிக்கவில்லை என்றால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

படம் எடுக்கும் நாளன்று நல்ல வெயில். ஆனால் வெள்ளைப் பீங்கானில் கருக்கிய சர்க்கரைத் தண்ணீர் சேற்று நிறத்தில் தெரிந்தது. ஞானசுந்தரி நூல் கடையில் வாங்கி வைத்திருந்த துணிச் சாயத்தில் ஒரு சிட்டிகையைக் கெட்டிலில் போட்டாள். நல்ல தேநீருக்கே உரிய, ஆரஞ்சு கலந்த சிவப்பு வந்தது. சூடு செய்து ஆவி பறக்க மூடி வைத்தாள். "சாயம் ரெடி" என்று டக்ளஸிடம் சொன்னாள்.

உதவிக்குப் பேச்சியம்மா இருந்தார். துணி இஸ்திரி போடவும், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளை அட்டையைப் பிடிக்கவும் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தார். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, சிறுபிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். சேரங்கோட்டில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபின் குன்னூரில் மகளோடு இருக்கிறார். எதையும் ஒருமுறை சொன்னால் போதும். கெட்டிலில் குமிழுக்குச் சோப்பு விட்டதும் அவர்தான்.

ஏகநாதன் காரை விட்டு இறங்கியதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மலைப்பாதை அவருக்கு ஒத்துவரவில்லை.

"அம்மணி, பர்லியார் தாண்டறதுக்குள்ள கொடலு வாய்க்கு வந்துருச்சுங்க."

"உக்காருங்க சார். கப்புல ஊத்தற கலரை மட்டும் நீங்க ஒருக்காப் பாத்து சரின்னு சொல்லிருங்க, ஆரம்பிச்சிறலாம்" என்று சொல்லிவிட்டு ஞானசுந்தரி மேசைக்குப் பின்னால் போய்த் துணியின் சுருக்கத்தை இழுக்கத் தொடங்கினாள். ஏகநாதன் பேச்சியம்மாவிடம், பால் வேண்டாம், சூடாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டது அவள் காதில் விழவில்லை.

"சுந்தரிம்மா, ஐயாவுக்குச் சாயத்தண்ணி குடுக்கவா?" என்று பேச்சியம்மா கேட்டது விழுந்தது.

"குடுங்க பேச்சிக்கா. நல்லா ஆவி வரட்டும். புதுக் கப்புலயே குடுங்க."

துணி சரியாகி அவள் வெளியே வந்தபோது பேச்சியம்மா இல்லை. தட்டில் வைக்க வர்க்கி வாங்கக் கீழே பேக்கரிக்குப் போயிருந்தார். ஏகநாதன் காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தானுங்க உசுரு வந்துச்சு."

ஞானசுந்தரி கோப்பையைப் பார்த்தாள். அடியில் சிவப்பாக ஒரு வளையம். "சார், அதுல இருந்தது..."

"அந்தம்மா சாயத்தண்ணின்னு குடுத்தாங்க. பேரு புதுசா இருக்குதுங்க."

அவள் போய்க் கெட்டிலைத் தூக்கினாள். பாதி இல்லை. வெளிச்சம் பார்ப்பதற்காக டக்ளஸ் மேசைக் கோப்பைகளில் ஊற்றியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. சாயப் பாக்கெட்டைத் திருப்பினாள். உணவுக்கு உதவாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். மனிதர் தெளிவாகத்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு வயிற்றைப் புரட்டினாலும் மலைப்பாதை மேல் பழி போட்டுவிடலாம். வெளியே அருமையான வெயில். கோப்பைகள் வரிசையாகக் காத்திருந்தன. ரவிக்கைக் கையில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கி மறுபடி குத்தினாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

"சார், நீங்க குடிச்சது டீ இல்லீங்க. படத்துக்குக் கலந்த தண்ணி. துணிக்குப் போடற சாயமும் சோப்பும் இருக்குது. எந்திரிங்க, டாக்டர்கிட்டப் போயிரலாம்."

ஏகநாதன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க! என்னங்க அம்மணி சொல்றீங்க?"

"உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெச்சிறலாம்க்கா" என்றார் டக்ளஸ்.

"வாயில எதையும் ஊத்தாதே. காரை எடு."

பயத்திலும் அவள் இரண்டு காரியங்களைச் சரியாகச் செய்தாள். வாந்தி எடுக்க வைக்கவில்லை. பாக்கெட்டையும் கெட்டிலையும் டாக்டருக்குக் காட்டக் கையோடு எடுத்துக்கொண்டாள். பாதிப் பேருக்கு இது தோன்றாது. மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை அவள் மறந்தாள். அதை டாக்டர் செய்தார்.

காரில் ஒவ்வொரு வளைவிலும் ஏகநாதன் நாக்கை நீட்டினார்.

"அம்மணி, நாக்கு எப்படி இருக்குது?"

"செவப்பா இருக்குதுங்க."

"செவப்புன்னா? சாயச் செவப்புங்களா?"

"நாக்குச் செவப்புத்தானுங்க சார்."

"வூட்டுல போன் போட்டுச் சொல்லட்டுங்களா?"

"டாக்டர் பாக்கட்டுங்க. அப்புறம் என்ன சொல்றதுன்னு தெரிஞ்சுட்டுச் சொல்லலாம்." அவள் மடியில் கெட்டில் தளும்பிப் புடவை ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது.

கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், பாக்கெட்டைப் படித்தார், கெட்டிலைத் திறந்து முகர்ந்தார். அப்புறம் அதுவரை யாரும் கேட்காததை ஏகநாதனிடம் கேட்டார்.

"குடிக்கறப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தானுங்க இருந்துச்சு."

"சோப்பு நாத்தம்?"

"அதெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் தொவர்ப்பா, தேயிலை வாசமா... இஞ்சி தட்டிப் போட்டிருந்தாங்க. நெஞ்சுக்கு எதமா இருந்துச்சுங்க."

"கெட்டில்ல இஞ்சி போட்டீங்களா?" என்று டாக்டரம்மா திரும்பினார்.

"இல்லைங்க" என்றாள் ஞானசுந்தரி. நோயாளிகளுக்கான பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவர் குடிச்சது இஞ்சி டீ. உங்களுக்குத்தான் பி.பி. பாக்கணும்போல இருக்குது. கையை நீட்டுங்க."

சந்தேகத்துக்கு ஏகநாதனைச் சற்று நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஏகநாதன் வெளியே வந்து ஒரு பன் வாங்கித் தின்றார். அவர் தின்று முடிக்கும்வரை ஞானசுந்தரி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்டையில் இறங்கிய ஒவ்வொரு வாய்க்கும் அவள் தோள் கொஞ்சம் தாழ்ந்தது.

திரும்பி வந்தபோது வாசற்படியில் பேச்சியம்மா வர்க்கிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னா இது, கதவைத் தொறந்து போட்டுட்டு எல்லாரும் எங்க போனீங்க?"

டக்ளஸ் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பேச்சியம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"அந்தக் கெட்டில்ல சோப்பு ஊத்துனதே நான். அதையா ஒரு மனுசனுக்குக் குடிக்கக் குடுப்பேன்? அடுப்புல தனியா வெச்சு, இஞ்சி தட்டிப் போட்டு ஊத்துனேன். கேட்டுட்டுத்தானே குடுத்தேன், சாயத்தண்ணி குடுக்கவான்னு?"

"சாயம்னு சொன்னீங்களா, கலர் பாக்கறதுக்குக் குடுக்கறீங்கன்னு நான்..."

"சாயத்தண்ணின்னா சாயத்தண்ணி. பால் ஊத்துனா தேத்தண்ணி, ஊத்தாட்டி சாயத்தண்ணி. சிலோன்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

ஞானசுந்தரிக்குத் தெரியாது. அந்த அறையில் அதுவரை எல்லாரும் பால் விட்ட டீயே குடித்தார்கள்.

"அப்ப துணிக்குப் போடறதுக்கு உங்க ஊர்ல என்னன்னு சொல்லுவீங்க?" என்று டக்ளஸ் கேட்டார்.

"அதுவும் சாயந்தான். அதை யாரு குடிக்கப் போறா? வேணும்னா நீங்க அதுக்கு வேற பேரு வெச்சுக்கங்க. குடிக்கறதுக்கு நான் மாத்த மாட்டேன்." பிறகு ஞானசுந்தரியைப் பார்த்து, "என்னைய அம்புட்டுக் கூமுட்டைன்னு நெனச்சிட்டீங்க" என்றார். பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

ஏகநாதன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, மேசையில் ஆறிக்கிடந்த கோப்பைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அம்மணி, நீங்க வாயத் தொறந்திருக்காட்டி எனக்குத் தெரியவே தெரியாதுங்க. நான் ரூம் போட்டுத் தங்கறேன், காலைல எடுங்க. மத்த சாமானும் அடுத்த வாரம் லாரில வரும்."

அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அன்றைக்கு இனிப் படம் இல்லை. ஞானசுந்தரி கெட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். புடவையை ஊற வைத்தாள். வீட்டுக்குப் போய் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். பாலசுப்பிரமணியத்திடம் அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை என்றாள். நெஞ்சிலிருந்த பாரம் பெரும்பாலும் இறங்கிவிட்டது. பேச்சியம்மா சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனது மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. நாளைக்கு வருவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் போனபோது பேச்சியம்மா அவளுக்கு முன்பே வந்து விரிப்புத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஞானசுந்தரி அடுப்பைப் பற்ற வைத்தாள். தேயிலை போட்டாள், இஞ்சியைத் தட்டினாள், வடிகட்டினாள். கோப்பையைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"பேச்சிக்கா, சாயத்தண்ணி."

பேச்சியம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோப்பையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்த்தார். ஞானசுந்தரியின் முகத்தைப் பார்த்தார். அப்படியே திருப்பி நீட்டினார்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

ஞானசுந்தரி வாங்கி, நன்றாகவே ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி அவரிடம் கொடுத்தாள்.