வெள்ளையாக வந்த துணி

யோகராசாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கதிரையில் இருந்தால் கால் ஆடும். சோறு சாப்பிடும்போதே மற்றக் கை எதையாவது கழற்றிக்கொண்டிருக்கும். ஒரு பழுது எதனால் வந்தது என்று தெரியாவிட்டால் அன்றைக்குத் தூக்கமும் இல்லை. இந்த மனுசனுக்கு உடம்பில் ஓடுவது இரத்தமில்லை, கட்டெறும்பு என்று அவன் மனைவி ஜெயந்தினி சொல்லுவாள்.

நான்கு வயதில் படகேறி இந்தியாவுக்குப் போனவன். திருச்சிப் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, லேத் பட்டறையில் வேலை பழகி, மூன்று வருடத்துக்கு முன்புதான் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பினான். குளத்துக் கட்டுக்குக் கீழே தகரக் கொட்டில் போட்டுத் தண்ணீர்ப் பம்பும் உழவு இயந்திரமும் திருத்துகிறான். அங்கே அவனைச் சிலோன்காரன் என்றார்கள். இங்கே இந்தியாக்காரன் என்கிறார்கள். எங்கே போனாலும் மற்றக் கரைதான் அவனுக்கு ஊர்.

குரங்குத் தொல்லைக்கென்று விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அனுமதி வாங்கிக் கொடுத்த ஆறு எயார் ரைபிள்கள் ஊரில் இருந்தன. ஆறையும் திருத்துவது யோகராசாதான். உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. காற்றை அமுக்க ஒரு பிஸ்டன், அதைத் தள்ள ஒரு ஸ்பிரிங், பிஸ்டன் போய் மோதும்போது அடி தாங்க ஒரு றப்பர் வாசர். ஐந்து துவக்குகளில் அவன் போட்ட வாசர் வருடக்கணக்காகக் கிடந்தது. செல்வநாயகத்தாரின் துவக்கில் மட்டும் மூன்று வாரம் தாண்டவில்லை. நான்காவது தடவை திறந்தபோது வாசர் வடை மாதிரித் தட்டையாகி விளிம்பு பிய்ந்து கிடந்தது. ஸ்பிரிங்கும் உடைந்திருந்தது.

செல்வநாயகத்தார் கமக்காரர் அமைப்பின் தலைவர். வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளையும் அவர்தான் சொல்லுவார், அடுத்தவன் வீட்டு வேலி எங்கே நிற்கவேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லுவார். இந்தியாக்காரன் கள்ள றப்பர் போடுகிறான் என்று அவர் ஒரு தேநீர்க் கடையில் சொன்னது மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆறு துவக்குகளையும் வவுனியாவில் ஒருவரிடம் கொடுக்கத் தீர்மானம் வரப்போகிறது என்றும் கதை வந்தது. துவக்குப் போனால் பம்பும் போகும், உழவு இயந்திரமும் போகும். கள்ள றப்பர்க்காரன் என்ற பேரோடு இன்னொரு ஊர் தேடி ஓடவேண்டும். அவனுக்கு ஓடி அலுத்துவிட்டது.

அந்த வாரம் அவன் கொட்டிலுக்குள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் மன்னாருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். றப்பரில் பிழையா என்றால், ஆறுக்கும் ஒரே தகட்டில் வெட்டியது. பிஸ்டன் வளைந்ததா என்று உருட்டிப் பார்த்தான். வளையவில்லை. யாராவது உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டு அது சூட்டில் எரிந்திருக்குமோ என்று மோந்து பார்த்தான். கருகல் மணமே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் துவக்குக் குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டு இழுத்தான். மற்றத் துவக்குகளில் ஈயக் கறையோடு கறுப்பாக வரும் துணி, இதில் போனபடியே வெள்ளையாக வந்தது.

அவனுக்குக் கூத்தாடவேண்டும் போலிருந்தது. இந்தத் துவக்கை யாரோ ஈயக்குண்டு போடாமல் வெறுமையாக அடிக்கிறார்கள். முன்னால் குண்டு இருந்தால்தான் காற்றுத் தேங்கி மெத்தை மாதிரி பிஸ்டனைத் தாங்கும். இல்லாவிட்டால் இரும்பில் போய் இடிக்கும். வாசர் என்ன செய்யும், பாவம்!

ஆறப் பொறுத்தவன் யோகராசா இல்லையே. கூட்டம் தொடங்கு முன்பே பிய்ந்த வாசரையும் வெள்ளையும் கறுப்புமாக இரண்டு துணிகளையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டான். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, தலைவரைப் பார்த்தே சொன்னான்.

"அண்ணை, றப்பரில பிழையில்லை. உங்கட துவக்கைக் குண்டு போடாமல் அடிச்சிருக்கினம்."

சபை சிரித்தது. செல்வநாயகத்தாரின் முகம் சிவந்தது. அப்போதுதான் யோகராசா பெண்கள் பக்கம் பார்த்தான். தலைவரின் மனைவி சிவலட்சுமி தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலைவர் வாய்க்காலுக்குப் போகும் காலை நேரங்களில் கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் காவல் அவள்தான் என்பது அவனுக்கு நினைவு வந்தது. பார்வையை உடனே எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. அவன் பார்த்த இடத்தைச் செல்வநாயகத்தாரும் பார்த்தார்.

அவர் எழுந்து நின்றார்.

"ஓம், நான்தான். வயசு போட்டுது, குண்டு போட மறந்து போறன். தம்பியில பிழையில்லை."

சிரிப்பு இரண்டு மடங்காகியது. தீர்மானமும் அதோடு போயிற்று. வென்றவன் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியாமல் எழுந்தான். ஊரை அதட்டும் ஒரு மனிதரை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த அம்மா வீட்டில் என்ன பாடுபடுகிறாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் செல்வநாயகத்தார் துவக்கோடு கொட்டிலுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று யோகராசா காத்திருந்தான். அவர் கதிரையை இழுத்து இருந்து, நிலத்தைப் பார்த்தபடி பேசினார். போன வருடம் அவர் ஒரு தாய்க்குரங்கைச் சுட்டாராம். குட்டி இரண்டு நாள் தாயை விட்டுப் போகவில்லையாம். அன்றிலிருந்து சிவலட்சுமி அந்தத் தோட்டத்துக் கச்சானில் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. ஏனென்று அவரும் கேட்டதில்லை.

"வெறும் துவக்கு அடிக்கிறா எண்டு அண்டைக்கு நீ அவவைப் பாக்கேக்கைதான் எனக்கே விளங்கினது. வெறுமையா அடிச்சாலும் உடையாத மாதிரி ஒண்டு செய்து தா தம்பி."

"அண்ணை, அப்பிடிச் செய்தால் பிறகு அது ஒண்டையும் சுடாது."

"சத்தம் வருமோ?"

"வரும்."

"அது காணும்."

பட்டறையில் கால்வைத்த நாளிலிருந்து யோகராசா எதையும் வேண்டுமென்று கெடுத்தவன் அல்ல. அன்றைக்குப் புது ஸ்பிரிங்கில் நான்கு சுற்றை வெட்டி எறிந்தான். பழைய லொறி பெல்ற்றில் இரட்டைத் தடிப்பாக வாசர் வெட்டிப் போட்டான். பூட்டிக் கொடுத்தபோது அந்தத் துவக்கால் ஒரு தும்பியைக்கூட விழுத்த முடியாது.

"அவவுக்கு ஒண்டும் சொல்லாதை. இந்தியாக்காரன் நல்லாத் திருத்திப்போட்டான் எண்டு ஊருக்கு நான் சொல்லுறன்" என்றார் செல்வநாயகத்தார்.

சொன்னார். அந்தப் பேரில் அவனுக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வேலை வருகிறது. காலையில் கச்சான் தோட்டத்துப் பக்கம் ஒரு வெடி கேட்டால், யோகராசா கையில் இருப்பதைக் கீழே வைக்கிறான். வாசர் தாங்கியது என்று இரண்டாவது வெடியும் சொல்லும்வரை அசையாமல் இருக்கிறான்.