பொறி பறக்காத சுவிட்ச்

ஈயம் உருகும்போது எழுகிற புகையில் குங்கிலியம் எரிவதுபோல ஒரு வாசம் இருக்கும். கண்ணைக் கரிக்கும், ஆனாலும் மூக்கை அங்கிருந்து எடுக்க மனம் வராது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டில், நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடையில், அடிபம்புக்குப் பக்கத்தில், அந்தப் புகை எழாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த செல்வி அக்கா சால்டரிங் அயர்னைப் பிடிப்பாள், நான் ஈயக் கம்பியை நீட்டுவேன். வீட்டுக்குள் அந்த வேலைக்கு அனுமதி இல்லை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். பக்கத்து வீட்டில் யாராவது தீக்குச்சி உரசினால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவாள்.

அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனபோது வாங்கிவந்த மூன்று பேண்டு ரேடியோ ஒன்று எங்களிடம் இருந்தது. அதன் சிற்றலை பேண்டில், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நிலையம் தினமும் அரை மணி நேரம் தமிழில் பேசும். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு குரல் யாருடைய கம்பியையும் பிடிக்காமல் கிளம்பி வந்து எங்கள் புழக்கடையில் இறங்குகிறதே என்று எனக்கு ஒவ்வொரு நாளும் புல்லரிக்கும். ஆனால் அந்தக் குரல் வரும், மங்கும், போய்விடும், திரும்ப வரும். "ஏரியல் ஒன்னு பத்தாதுடி, ரெண்டு வேணும், இது மங்குறப்ப அதுக்குத் தாவணும்" என்றாள் அக்கா.

ஏரியலுக்குக் கம்பிக்கு எங்கே போவது என்று சிவகாசிப் பக்கத்தில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கம்பி மத்தாப்புக்கு வருகிற கம்பி உள்ளே இரும்பு, வெளியே மெல்லிய செம்புப் பூச்சு. துண்டு போடாத கழிவுச் சுருள் ஒன்றைத் தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்கிவந்தோம். ரேடியோ அலைக்குக் கம்பியின் மேல்தோல் போதும், உள்ளே என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை என்று அக்கா படித்திருந்தாள். மொட்டை மாடியிலிருந்து வேப்ப மரத்துக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டித் தூணுக்கு ஒன்று என்று இரண்டு திசையில் இழுத்துக் கட்டினோம். இரண்டும் மாடி மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வந்து சேரும். அங்கிருந்து ஒரே ஒரு ஒயர்தான் கீழே ரேடியோவுக்கு வரும். டப்பாவுக்குள் எந்த ஏரியலை எடுப்பது என்பதைக் கீழே உட்கார்ந்துகொண்டே மாற்ற வேண்டும். எங்கள் ஆராய்ச்சி முழுக்க அந்த டப்பாவைப் பற்றியதுதான்.

முதலில் அக்கா கொண்டுவந்தது ரிலே. உள்ளே ஒரு சுருள், அதற்குக் கரண்ட் கொடுத்தால் "டக்" என்று ஒரு தகடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாவும். ஒரு சாயங்காலம் அம்மா வரத் தாமதமாகும் என்ற தைரியத்தில் அடுப்படியிலேயே வைத்துப் பார்த்தோம். அக்கா ஒயர் முனையைப் பேட்டரியில் தொட்டாள், டக். எடுத்தாள், முனையில் கடுகளவு நீலப் பொறி ஒன்று தெறித்தது. அந்த நேரம் பார்த்து அம்மா வாசலில் நின்றாள். நேராக வந்தாள், ரிலே, ஒயர், பேட்டரி எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளித் தண்ணீர் வாளிக்குள் முக்கிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புழக்கடையில் வைத்தாள். பட்டாசுக் கம்பெனி ஷெட்டில் பொறி கண்டால் அதுதான் முறை. வேறு ஊரில் வேறு எந்த அம்மாவும் ஒரு ரிலேயை நீரில் மூழ்கடித்திருக்க மாட்டாள்.

"சத்தம் கேக்குற எடத்துல பொறி இருக்கும், பொறி இருக்குற எடத்துல நான் இருக்க மாட்டேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் அம்மா. அதோடு விடவில்லை. ஐப்பசி பிறந்து தென்கிழக்கே மின்னல் வெட்டத் தொடங்கியிருந்தது. "இம்புட்டுக் கம்பியக் கட்டி வச்சா இடிய வா வான்னு கூப்புடவா செய்றீக? தீவாளி முடிஞ்ச ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள இதுல என்னதான் இருக்குன்னு எனக்குக் காட்டணும். இல்லேன்னா அறுத்துத் துணி காயப்போடுற கொடியாக்கிப் போடுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் முக்கியம்தான். அந்த நிலையத்துக்கு நான் கடிதம் எழுதியிருந்தேன். அந்த வார நிகழ்ச்சியில்தான் நேயர்களின் பெயர்களை வாசிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று அம்மாவின் பெயரை மேலேயும், அக்கா பெயரையும் என் பெயரையும் கீழேயும் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புக்குத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தேன்.

ஆக, சத்தமில்லாமல், பொறியில்லாமல் மாறுகிற ஒரு சுவிட்ச் வேண்டும். விருதுநகர் பஜாரில் ஒரு ரேடியோ உதிரிபாகக் கடைக்குப் போனோம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் தீபாவளித் துணி எடுக்கப் போனபோதுகூட இருந்ததில்லை. கடைக்காரர் ரிலேயையும், ரிலேயைத் தூண்டுகிற ஒரு ஐசியையும் எடுத்துப் போட்டு, "எல்லாரும் இதத்தான் எடுப்பாக, கண்ண மூடிட்டுக் கொண்டு போங்க" என்றார். அக்கா கண்ணை மூடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னாள். ஒன்று பட்டனை அமுக்க அமுக்க எண்ணிக்கொண்டே போகும். இரண்டு ஏரியலுக்கு அத்தனை எண்ணிக்கை எதற்கு என்று ஒதுக்கினாள். கடைசியில் 4066 என்று எழுதிய, பதினான்கு கால் வைத்த கறுப்புத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வாங்கி, "இதுக்குள்ள நாலு கதவு இருக்குடி. ஒரு காலுக்கு வோல்ட் குடுத்தா ஒரு கதவு தெறக்கும். தகடும் இல்ல, சத்தமும் இல்ல" என்றாள். "டிவிக்கு ஆகாது, அலை கசியும்" என்று கடைக்காரர் எச்சரித்தார். சிற்றலைக்குத் தாங்கும் என்று அக்கா அடித்துச் சொன்னாள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வீட்டில் அதைப் பார்த்த அம்மா வைத்த பெயர் "பூரான்".

முதல் பூரான் செத்துப்போயிற்று. அக்கா நைலான் துப்பட்டாவோடு உட்கார்ந்து அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி எனக்குக் காட்டியதுதான் தாமதம். பொருத்திப் பார்த்தால் எந்தக் கதவும் மூடவுமில்லை, திறக்கவுமில்லை. நைலான் உரசி உடம்பில் சேர்கிற மின்சாரம் பட்டாலே இந்த வகை ஐசி போய்விடும் என்று கல்லூரியில் சொன்னது அக்காவுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. நான் சிரித்துவிட்டேன். கம்பெனி ஷெட்டுக்குள் யாரும் நைலான் உடுத்திப் போக முடியாது, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்காமல் உள்ளே கால் வைக்க முடியாது. எங்கள் ஊரில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே கோட்டைவிட்டிருக்கிறோம்!

அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் அம்மாவின் பழைய நூல் சேலையை ஆளுக்கொன்றாகச் சுற்றிக்கொண்டு, பூமிக்குள் இறங்கிய அடிபம்பை ஒரு கையால் தொட்டுவிட்டு இரண்டாவது பூரானை எடுத்தோம். அம்மா வந்து பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "என்னடி, எனக்குப் பதிலா ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போகப் போறீகளா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எங்களுக்குப் பாதி உயிர் வந்தது. பேட்டரியின் வோல்ட்டில் சரிபாதியை இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்து, ஏரியல் வருகிற கால்களில் நிறுத்த வேண்டியிருந்தது. அதுவரை பக்கத்து நிலையம் ஒன்று எல்லாவற்றின் மேலும் ஏறிப் பேசிக்கொண்டே இருந்தது. அதையும் சரிசெய்து, மாடி டப்பாவிலிருந்து தனி ஒயரில் கீழே இறக்கியிருந்த சின்னத் தள்ளு சுவிட்சைத் தள்ளினேன். டக் இல்லை. பொறி இல்லை. ஆனால் இரைச்சலின் குரல் மாறியது! நான் குதித்த குதியில் சேலை அவிழ்ந்துவிட்டது.

கெடு வைத்த ஞாயிறு சாயங்காலம் கரண்ட் போயிற்று. அந்த ஆண்டுகளில் கரண்ட் போவது புதிதல்ல, எங்கள் ரேடியோவும் பேட்டரியில்தான் ஓடியது. ஊரில் அத்தனை மோட்டாரும் டியூப்லைட்டும் அடங்கியதில் சிற்றலை துடைத்துவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. அம்மா தீப்பெட்டியைக்கூடத் தேடாமல் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர்கள் வரத் தொடங்கின. "தமிழ்நாடு, விருதுநகர் மாவட்டம், நாரணாபுரத்திலிருந்து..." என்று அந்தப் பெண் குரல் சொன்னது, சொல்லும்போதே மங்கியது. அக்கா, "தள்ளுடி!" என்றாள். தள்ளினேன். வேப்ப மரத்துக் கம்பி போய்த் தொட்டித் தூண் கம்பி வந்தது, "...முத்துலட்சுமி மற்றும் குடும்பத்தினர்" என்று ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

என் பெயர் வரவில்லை. வகுப்பில் என்ன சொல்வது என்று ஒரு கணம் அழுகையே வந்தது. ஆனால் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கம்பெனியில் அவள் "செல்வி அம்மா", தெருவில் "டிரைவர் வீடு". அவளை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "அது என்னையவா சொன்னாக?" என்று கேட்டாள். அப்புறம், "இன்னொரு தரம் சொல்வாகளா?" என்றாள்.

அந்த நிலையம் சிற்றலையில் தமிழ் பேசுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. மூன்று பேண்டு ரேடியோ போன இடம் தெரியவில்லை. விருதுநகரில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா ஓசூரில் வேலை பார்க்கிறாள், நான் சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். போன வருடம் மொட்டை மாடிக்குத் தளம் போட வந்த கொத்தனார், வேப்ப மரத்துக்கும் தொட்டித் தூணுக்கும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த துருப்பிடித்த கம்பிகளைப் பார்த்துவிட்டு, வெட்டிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். நான் தலையாட்டுவதற்குள் அம்மா படியேறி வந்துவிட்டாள்.

"அத மட்டும் தொடாதீக" என்றாள். "அதுலதான் எம் பேரு வந்துச்சு."