நடுவில் ஒரு 'ர'

நெட்டையக்கா வெள்ளைக்காரக் கிழவியின் குதிகாலில் களிம்பைத் தேய்த்துக்கொண்டே பிரெஞ்சுச் சொற்களை முணுமுணுத்தாள். விளக்கைப் போட "அலும்", அணைக்க "எத்தேன்". பராமரிப்பு வேலைக்கு வந்த மூன்று வாரத்தில் கிழவி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை; சுவிட்சை விரலால் காட்டுவதோடு சரி. தமிழ் பேச, வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரியின் போன் மட்டும்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க பிரெஞ்சுல நாலு வார்த்தை பேசலைன்னா வேற ஆளை அனுப்பிடுவேன்க்கா."

மதியத் தூக்கத்துக்கு முன் விளக்கைக் காட்டி, "எத்ரேன்?" என்று கேட்டாள். கிழவி திகைத்து, பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள். உட்காரவைக்கச் சொல்கிறாளாக்கும் என்று நெட்டையக்கா குனிந்தாள். கிழவி கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. நெட்டையக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

போனில் சொன்னதும் ஏஜென்சிக்காரி சிரித்தாள். "நடுவுல ஒரு 'ர' போட்டுட்டீங்க. அதுக்குக் கட்டிப்பிடிக்கிறதுன்னு அர்த்தம்!"

"நம்ம பாஷையில மட்டும் என்னவாம்? விளக்கையும் அணைக்கிறோம், ஆளையும் அணைக்கிறோம். ஊரை விட்டு வந்து எட்டு மாசமாச்சு, என்னை ஒருத்தர் தொட்டதில்லடி."



மறுநாள் காலை கிழவி சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி, மேசை விளக்கு, நடை விளக்கு, சமையலறை விளக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டி, வாய் திறந்து பிரெஞ்சில் பெயர் சொன்னாள். நெட்டையக்கா மாத்திரைச் சீட்டின் பின்புறம் அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள்.