குரோஷியாக்காரருக்கு ஒரு மனு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறேன். கையெழுத்து பார்க்கும்படி இருப்பதால் எழுத்து வேலை எது வந்தாலும் என் தலையில்தான் விழும். போன வருடம் மேனேஜர் கூப்பிட்டார். "குரோஷியாலேர்ந்து ஒருத்தர் வர்றார். அரசியல்லயும் பெரிய ஆளு, நம்ம கம்பெனில பங்கும் வாங்கினவர். அவரைப் பத்தி மைக்ல ரெண்டு நிமிஷம் படிக்கணும், எழுதிக் கொண்டா" என்றார். குரோஷியா எந்தப் பக்கம் என்று கேட்க வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

போனில் தேடினேன். கடலோரத்தில் ஓட்டல் நடத்தியவர். பிறகு ஊருக்கு மேயர். பிறகு எம்.பி., அப்புறம் மந்திரி. ஏதோ வழக்கு வந்து பதவியை விட்டிருக்கிறார். தனிக்கட்சி ஆரம்பித்துத் தோற்று, விட்டு வந்த கட்சியோடே கூட்டணி வைத்திருக்கிறார். இதுவரை எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, நாம் பார்க்காத அரசியலா. கம்பெனி விஷயத்தில்தான் தலை சுற்றியது. இங்கே மந்திரியின் தொழில் மச்சான் பெயரில் இருக்கும். இந்த மனுஷன் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே வைத்திருந்தார். மந்திரி ஆனதும் யாரிடமோ ஒப்படைத்தார், பதவி போனதும் திரும்ப வாங்கினார். எங்கள் கம்பெனிப் பங்கை விற்றுவிட்டார் என்று ஒரு பக்கம் சொன்னது. விற்கவில்லை, மறுபடி மந்திரி ஆகப்போகிறார் என்றது இன்னொரு பக்கம்.

மேனேஜரிடமே போய்க் கேட்டேன். "பெரிய ஆளுன்னு போடுய்யா, போதும்" என்றார். அவருக்கும் தெரியவில்லை என்று புரிந்தது.

டீ நேரத்தில் இந்தக் கதையை பேக்கிங்கில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர், அவரும் கான்ட்ராக்ட்தான். "மந்திரியா? அப்போ மனு குட்த்துடலாம்பா" என்றார். சிரித்துவிட்டேன்.

"நீ சிரிச்சிகினே இரு நைனா. அம்மாம் பெரிய மனுசன் வாசலாண்ட வந்து நிக்கறாரு, ஒரு பேப்பர் குடுக்காம சும்மா வுட்டுருவியா? இன்னா பேச்சு பேசற?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நம் பக்கம் அரசியல்வாதி வந்தால் ஒரு கையில் சால்வை, இன்னொரு கையில் மனு. குரோஷியாவில் அந்தப் பழக்கம் உண்டா என்று அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என்ன கேட்பது என்பதிலும் சந்தேகமில்லை. எங்களைக் கம்பெனி ஆட்களாக நிரந்தரம் ஆக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அடையாள அட்டை மாறும், நாங்கள் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆகிவிடுவோம். ஒன்பது வருடத்தில் நான் நான்கு முறை புதிதாகச் சேர்ந்தவன்.

உட்கார்ந்து எழுதினேன். பெறுநர் என்ற இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. மாண்புமிகு என்று போட்டால் அவர் மந்திரியாக இருக்க வேண்டும். உரிமையாளர் என்று போட்டால் பங்கு இருக்க வேண்டும். கடைசியில் 'ஐயா அவர்கள், குரோஷியா' என்று முடித்துக்கொண்டேன். அதையே ஆங்கிலத்தில் நாலு வரி, அக்காவின் காலேஜ் படிக்கும் மகள் கீழே எழுதிக் கொடுத்தாள்.

அக்காவோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் வந்தபோது, "எழுதினவனே நான்தான், கடைசில போடறேன்" என்றேன். கடைசியும் வந்தது. நான் போடவில்லை. அந்த ஆளிடம் பங்கும் இல்லை, பதவியும் இல்லை என்றால் இந்தக் காகிதம் நேராக மேனேஜர் மேஜைக்குப் போகும், யார் யாரை வெளியே அனுப்பலாம் என்ற பட்டியலாகிவிடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அவர் வந்தார். சிவந்த முகம், சட்டை முழுக்க வியர்வை. 'தொழிலதிபர், மக்கள் தலைவர்' என்று மைக்கில் வாசித்தேன். சால்வை போட்டு முடித்ததும் அக்கா வரிசையிலிருந்து விறுவிறுவென்று போய் மனுவை நீட்டிவிட்டுக் கும்பிட்டார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

வந்தவர் அசரவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். இதில் இருப்பவர்கள் யார் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதினெட்டுக் கைகள் உயர்ந்தன. என் கை மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேயராக இருந்த நாளில் தினமும் செய்த வேலையைப் போல, காகிதத்தின் ஓரத்தில் தன் மொழியில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

என்ன எழுதினார் என்று எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. மேனேஜருக்கும் தெரியவில்லை. கிழித்துப் போடவும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கேயும் அதே கதையாம். பங்கு இருக்கிறதா இல்லையா, நாளைக்கே மந்திரி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஆளுக்கொன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். இரண்டு மாதம் நாங்கள் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பொங்கல் முடிந்து உத்தரவு வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த பதினெட்டுப் பேரும் நிரந்தரம். அக்கா ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் கை தட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிறும் எரிந்தது.

சாயங்காலம் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.

"மனு உன் கையெழுத்துலதான்யா இருக்கு, உன் பேரைக் காணோம். உனக்கு வேற எங்கேயோ வேலை கெடச்சிருக்கும், அதான் வேணாங்கறேன்னு நெனச்சுட்டோம்" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார்.

"அந்த ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் புரியல சார்."

"எங்களுக்கு மட்டும் புரிஞ்சுதாய்யா?" என்றார் மேனேஜர்.