குட்டனின் மணல் தொட்டி

சாரல் காலத்தில் உறவுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவது எங்கள் மேல் உள்ள பாசத்தால்தான் என்று ஒன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு இந்த மயக்கம் சுலபமாக வரும். ஆனி மாதம் பிறந்து, மேற்கே மலை கறுத்து, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று சேதி பரவியதும் வீட்டில் போன் அடிக்கத் தொடங்கும். பிள்ளைகளுக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறதாம் என்பார்கள். அந்தப் பிள்ளைகள் வந்து இறங்கியதும் எங்களைப் பார்க்காமல், அருவிக்கு எப்போது போகலாம் என்று கேட்கும். இரண்டு நாள் குளிப்பார்கள். மாடியில் கொடி கொள்ளாமல் துண்டுகளைக் காயப்போடுவார்கள். சாரலில் எந்தத் துண்டு காய்ந்தது? ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள்.

இவர்களிடம் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு. எப்போது ஊருக்குப் போவீர்கள் என்பது. அதை நான் முந்தின வருஷம் ஒரு தூரத்துச் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டேன். எனக்கென்று அப்பா வாங்கி வைத்திருந்த மங்குஸ்தான் பழங்களை அவர் ஒன்றொன்றாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார், பொறுக்க முடியவில்லை. அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. அப்பா எல்லார் முன்னாலும் என்னை மன்னிப்புக் கேட்க வைத்தார். சித்தப்பா மனம் குளிர்ந்துபோய் இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார்.

குட்டன் எங்கள் பூனை. செங்கோட்டையில் இருந்த பெரியம்மா வீட்டிலிருந்து மஞ்சள் பையில் வந்தவன். அந்தப் பக்கத்து மலையாள வாடையோடு பெயரும் கூடவே வந்தது. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. பின்னால் சிமெண்டு போட்ட சின்ன முற்றம் மட்டும்தான். தோண்டி மூட ஒரு பிடி மண் கிடையாது. அதனால் பின்னறை மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் ஆற்றுமணலை நிரப்பி வைத்து, அம்மா இரண்டே நாளில் அவனைப் பழக்கியிருந்தாள். காரியம் முடிந்ததும் முன்னங்காலால் மணலை இழுத்து மூடி, முகர்ந்து பார்த்து, திருப்தியில்லை என்றால் இன்னொரு முறை மூடுவான். இந்த வீட்டில் பொறுப்பான பிள்ளை அவன் ஒருவன்தான் என்று அப்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி சொல்வார்.

அந்த வருஷ சீசனுக்குத் திருவேங்கடம் என்ற ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் கூடப் பிறந்த அக்காள். மாமா வரவில்லை. எல்லாரும் தோள்பையோடு வருகிற வீட்டுக்கு அத்தை பெரிய பெட்டியோடு வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெட்டி பெரிதென்றால் எனக்கு ஏதாவது இருக்கும் அல்லவா? சேலைகள்தான் இருந்தன. அவள் கையில் முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றிப்போன தடம் ஒன்று தெரிந்தது. என்ன அத்தை என்று கேட்டேன். அருவியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அப்போது அவள் குற்றாலம் பக்கமே போயிருக்கவில்லை. எனக்கு அது தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. பெரியவர்கள் நாள் கிழமையைக் குழப்பிக்கொள்வது சகஜம்தானே.

அத்தைக்குப் பின்னறையைக் கொடுத்தார்கள். குட்டனின் தொட்டி முற்றத்துக்குப் போயிற்று. மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குப் பக்கத்தில், மேலே தகரம் இருந்ததால் சாரல் படாது என்று அம்மா இடம் பார்த்து வைத்தாள். தொட்டி இருந்த மூலையில் அத்தையின் பெட்டி வந்து உட்கார்ந்தது.

முதல் வாரம் அத்தையை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனோம். பெண்கள் பக்கத்தில் கூட்டம் நெரிந்தது. அத்தை கம்பியைப் பிடித்தபடி தண்ணீருக்குள் வெகுநேரம் நின்றாள். போலீஸ் அக்கா விசில் ஊதி, மற்றவர்களுக்கு வழி விடச் சொன்ன பிறகும் நின்றாள். வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. அருவியில் குளித்து வருகிற எல்லாருக்கும் கண் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து குட்டன் தன் பொறுப்பை மறந்தான். முதலில் அத்தையின் பெட்டி மேல் மடித்து வைத்திருந்த துண்டில் போனான். பிறகு பெட்டிக்குப் பின்னால். அதன்பிறகு அப்பாவின் செருப்பில். அம்மா பினாயிலை எடுத்தாள். வீட்டைக் கழுவியதோடு நில்லாமல், சுத்தமாக இருந்தால் போவான் என்று மணல் தொட்டியிலும் இரண்டு மூடி ஊற்றினாள். அதற்குப் பிறகு குட்டன் அந்தத் தொட்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

எதிர்வீட்டு அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஊரில் எந்தச் சீக்குக்கும் அவரிடம் மருந்து உண்டு; அந்த மருந்து அவர் கடையிலும் உண்டு.

"பூனைக்கு யாரு மேலயோ கோவம் இருக்கு. ரசகற்பூர உருண்டைய மூலைக்கு மூலை போடுங்க. கேக்கலன்னா அசிங்கம் பண்ணுன இடத்துல மூக்கப் பிடிச்சித் தேயுங்க" என்றார். அதோடு, வாசலில் நின்ற அத்தையைப் பார்த்து, "சீசனுக்கு வந்தியளோ? வீட்டுக்காரரு வரலியா?" என்றும் கேட்டார். அத்தை ஆமாம் என்று ஒரே பதிலில் இரண்டையும் முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு மாதமும் தெருவில் யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் அதே பதில்தான். சீசனுக்கு வந்திருக்கிறாள். சாரல் அடிக்கிற வரைக்கும் அந்தப் பதில் நன்றாகவே ஓடியது.

உருண்டை போட்டார்கள், மூக்கைத் தேய்த்தார்கள். குட்டனின் கோபம் தீரவில்லை. வீட்டை அசிங்கப்படுத்தும் பூனைக்கு எங்கள் தெருவில் ஒரே தண்டனைதான். சாக்கில் போட்டுக் கட்டி, திரும்பி வரத் தெரியாத தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதனால் நான் யாரும் எழுந்திருக்கும் முன்பே எழுந்து, பழைய பேப்பரால் துடைத்துச் சுருட்டி எறியத் தொடங்கினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் பேப்பரோடு பின்னறைக்குள் நுழைந்தால், அங்கே அத்தை கந்தைத் துணியும் வாளியுமாகக் குனிந்திருந்தாள். இரண்டு பேரும் களவாணிகள் போல ஒருவரையொருவர் பார்த்து நின்றோம்.

"நீ ஒண்ணும் பாக்கல. நானும் ஒண்ணும் பாக்கல. என்னட்டி?" என்றாள் அத்தை.

தினமும் எனக்கு முன்பே அவள் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இருவருமாக இன்னும் பத்து நாள் குட்டனின் மானத்தைக் காப்பாற்றினோம்.

ஆடி முடியும்போது சாரல் நின்றது. மலை தெளிவாகத் தெரிந்தது. கொடியில் துணிகள் மொடமொடவென்று காயத் தொடங்கின. ஒரு வெள்ளிக்கிழமை அப்பா அலுவலகத்துக்குக் கொண்டுபோக வைத்திருந்த காகிதக் கட்டின் மேல் குட்டன் போய்விட்டான். அதை அத்தையாலும் என்னாலும் மறைக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம இவனக் கொண்டு போயி கடையநல்லூர் மீன் கட பக்கத்துல விட்டுருதேன். அங்கன ராசா மாதிரி இருப்பான்" என்றார் அப்பா. ராஜா மாதிரி என்று அவர் சொன்னது எனக்காக. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவர் மடித்து வைத்த அரிசிச் சாக்கை நான் பார்த்துவிட்டேன்.

அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. குட்டனை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறான்? அத்தை வந்ததிலிருந்து. எங்கே செய்கிறான்? முதலில் அத்தையின் பெட்டி இருக்கிற மூலையில். அது யாருடைய மூலை? குட்டனுடையது. இவ்வளவு தெளிவான விஷயம் படித்த பெரியவர்களுக்கு எப்படிப் புரியாமல் போயிற்று என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. அத்தையைப் பிடிக்கும்தான். ஆனால் அத்தைக்குத் திருவேங்கடத்தில் வீடு இருக்கிறது. குட்டனுக்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாருமாக உட்கார்ந்து தோசை சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"அத்தை, சாரல்தான் நின்னுட்டே, நீங்க எப்ப ஊருக்குப் போவிய? நீங்க போனாத்தான் குட்டன் பழையபடி தொட்டிக்குப் போவான். இல்லன்னா அப்பா சாக்குல கட்டிக் கொண்டு போயிருவாவ."

சொல்லி முடித்ததும் பாவாடையை இழுத்துத் தொடையை மூடிக்கொண்டேன். கிள்ளு விழும் என்று தெரியும். தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளு விழவில்லை. அம்மா சட்னி எடுத்து வருவதாக எழுந்து போனாள். சட்னி கிண்ணம் என் எதிரிலேயே இருந்தது. அப்பா தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அத்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"ஆமாட்டி, அவன் இடம்லா அது" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிறு காலையில் மோட்டார் போட ஓடினேன். அது என் வேலை. சுவிட்சு அடுக்களைக்குள் இருந்தது. முற்றத்துத் துவைகல்லில் துணி அலசிக்கொண்டிருந்த அத்தை ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, செத்த நில்லு. இங்கன வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். குட்டன் மணல் தொட்டிக்கு எட்டும் தூரம் வரை வந்து, ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான். அவன் கண் மணலில் இல்லை, மோட்டாரில் இருந்தது. அத்தை என்னை நிற்கச் சொல்லிவிட்டு, தானே உள்ளே போய் சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் உறுமியதும் குட்டன் நின்ற இடத்திலிருந்து துள்ளி, மதிலேறி மறைந்துவிட்டான். சீசன் ஆட்களால் வீடு நிறைந்திருந்த அந்த ஒரு மாதமும் ஒரு நாளைக்கு மூன்று தடவை, வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்காமல், அந்தச் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

"உறுமிக்கிட்டே இருக்கது பக்கத்துல எப்பிடிட்டி இருப்பான்? நல்லா இருக்கும்போதே திடீர்னு கத்துனா, அப்பறம் அது சும்மா இருந்தாலும் பயமாத்தான இருக்கும்" என்றாள் அத்தை.

பிறகு தொட்டியைக் கவிழ்த்து, பினாயில் வாடை போகும் வரை சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தாள். தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு நானும் அவளும் ஒரு வாளி ஆற்றுமணல் கொண்டுவந்தோம். தொட்டியை மாடிப்படிக்கு அடியில், இருட்டாக, ஒதுக்குப்புறமாக வைத்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்பு குட்டன் வந்தான். முகர்ந்தான், சுற்றி வந்தான், உள்ளே இறங்கினான். முடித்துவிட்டு மணலை இழுத்து இழுத்து மூடினான். நான் கைதட்டப் போனேன்; அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, சாக்கை எடுத்து மறுபடியும் அரிசிப் பானைக்குக் கீழே போட்டார்.

திரும்பி வந்தால் அத்தை பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அதான் குட்டனுக்கு சரியாயிட்டே அத்தை. நீங்க ஏன் போறிய?"

"சீசன் முடிஞ்சிட்டுல்லா" என்றாள்.

அப்பா ஆட்டோ கூப்பிடப் போனார். அம்மா ஒரு பை நிறைய மங்குஸ்தான் கட்டிக் கொடுத்து, "அடுத்த சீசனுக்குக் கண்டிப்பா வாங்க மதினி" என்றாள். சொல்லிவிட்டு, கட்டிய முடிச்சை அவிழ்த்து இன்னொரு முறை கட்டினாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஒரே நாளில் பூனையையும் காப்பாற்றி, அதன் மூலையையும் மீட்டுக் கொடுத்துவிட்டேன் அல்லவா?

குட்டன் அந்த மூலைக்குத் திரும்பவே இல்லை. மாடிப்படிக்கு அடியிலேயே அவன் காலம் கழிந்தது. பின்னறை காலியாகவே கிடந்தது. அத்தை அதன்பிறகு எந்த சீசனுக்கும் வரவில்லை. கல்யாணம் காட்சிக்கு வருவாள், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள். மாமா அத்தை மேல் கை நீட்டுகிற மனிதர் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அருவிக்குப் போகும் முன்பே அருவியில் வழுக்கி விழுந்தவளின் கை அன்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று முழுக்க அழுதேன்.

அப்பாவும் அம்மாவும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குச் சொல்ல வாய் வராத ஒரு வார்த்தையை அவர்களுடைய பிள்ளை சொல்லிவிட்டது, அவ்வளவுதான். பிள்ளை சொன்னதைப் பிள்ளைப் பேச்சாக்க ஒரு சின்ன அதட்டல் போதுமாக இருந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை தட்டைப் பார்த்துக்கொண்டு, தொடையை மூடிக்கொண்டு, நான் அந்த அதட்டலுக்குக் காத்திருந்தேன். அது வராததால் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எதிரே உட்கார்ந்து, தம்பியின் முகத்தையே பார்த்தபடி, அத்தையும் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.